நட்ட கல்லும் பெயர்ந்த பொன்னும்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வரலாறு தேடி வருகிறவர்கள் மேற்கே திரும்புகிறார்கள். சித்தன்னவாசல் ஓவியங்கள், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, கொடும்பாளூர் மூவர் கோயில், தெற்கே இறங்கினால் திருமயம் கோட்டை. எல்லாம் பாறையும் கருங்கல்லுமாக நின்று பேசுபவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாசலில் மத்திய தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. கிழக்கே ஆலங்குடிச் சாலையில் போகிறவர் கண்ணில் படுவது செம்மண், பலாத்தோப்பு, தென்னை, தைலமரக் காடு, அங்கங்கே கண்மாய்க் கரை. இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டி அறந்தாங்கிக்கோ பட்டுக்கோட்டைக்கோ போய்விடுகிறது. வெளியூரில் ஆலங்குடி என்று சொன்னால், குருபெயர்ச்சிக்குக் கூட்டம் கூடும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். நாமபுரீசுவரர் கோயில் கொண்ட இந்த ஆலங்குடியின் முறை அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

தென்னிந்தியாவின் மிகப் பெரிய ரோமானியப் பொற்காசுப் புதையல்களில் ஒன்று கிடைத்தது இந்த வட்டாரத்தில்தான். சங்ககாலக் கோட்டை ஒன்று மதிலும் அகழியுமாக இன்றும் தெரிவது இங்கேதான். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள தனிச் சிறப்பான ஆடவல்லான் செப்புத் திருமேனி ஒன்று இங்கிருந்து போனதுதான். இவ்வளவும் இருந்தும் இந்த மண்ணின் வரலாறு கண்ணில் படாமல் போவது ஏன்? கிடைத்த பொருள்கள் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பெயராமல் இங்கேயே நிற்பவை மண்மேடாகவும் கண்மாய்த் தூணாகவும் நிற்கின்றன. பலகை நடுகிறவர்களின் கண் கருங்கல்லுக்குப் பழகிய கண். ஆலங்குடியின் மரபை யார், எப்படி, எங்கே குறித்துவைத்தார்கள், இனி எப்படிக் குறிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் எல்லையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஆலங்குடி ஓர் எல்லை ஊர். தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் மூன்றே வட்டங்கள்: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். அதில் கிழக்கு ஓரம் ஆலங்குடி. அதைத் தாண்டினால் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா. தொண்டைமான் குடும்பம் வந்து அமர்ந்த ஊர்களாகச் சொல்லப்படும் அம்புக்கோவிலும் கறம்பக்குடியும் இந்தக் கிழக்குப் பக்கத்து ஊர்களே. ஆக, அரச மரபின் வேரும் இங்கே, ராஜ்ஜியத்தின் விளிம்பும் இங்கே. அந்த விளிம்பும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தெற்கே தஞ்சாவூர் அரசர்களோடு நெடுங்காலம் சச்சரவில் இருந்த கீழாநிலைக் கோட்டையைக் கும்பினியார் 1803 இல் தொண்டைமானுக்குக் கொடுத்தார்கள். பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்கு அது பரிசு.

எல்லை என்பது வரைபடக் கோடாக மட்டும் இருந்ததில்லை, அது அடுப்படிக்குள்ளும் வந்தது. உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவது இந்தச் சீமையின் பழைய தொழில். பிரிட்டிஷ் இந்தியாவில் உப்பு அரசின் ஏகபோகம். சமஸ்தானத்து மண்ணுப்பு எல்லை தாண்டிப் போனால் அவர்களுக்கு வரி நட்டம். 1887 இல் ஓர் ஒப்பந்தம் போட்டு மண்ணுப்புத் தொழிலையே நிறுத்தினார்கள். ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தானக் கஜானாவுக்கு வந்தது. உப்புக் காய்ச்சிப் பிழைத்தவர்களின் தொழில் போனது. ஒரு ராஜ்ஜியத்தின் ஓரத்தில் குடியிருப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள் வந்தது. 1974 ஜனவரி 14 இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கமும் வந்து சேர்ந்தது. அன்றோடு அந்தப் பழைய சமஸ்தான எல்லையின் ஒரு பகுதி மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போனது. இன்று பேருந்தில் தூங்கிக்கொண்டே அதைக் கடந்துவிடலாம்.

எல்லையைக் கல்லால் குறிக்கும் பழக்கத்தை வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இந்த ஊர்கள் இருக்கவில்லை. சிவன் கோயிலுக்கு விட்ட தேவதான நிலத்தின் நான்கு மூலையிலும் சூலம் பொறித்த கல், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழி பொறித்த கல், பிராமணர்களுக்கு விட்ட நிலத்துக்கு வாமன உருவமோ குடையும் கமண்டலமுமோ பொறித்த கல். எழுத்துத் தெரியாதவரும் பார்த்தவுடன் இது இன்னாருடைய நிலம் என்று அறிந்துகொள்ளும் ஏற்பாடு. கோயில் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே கீறிவைத்தார்கள். அளவில் சண்டை வந்தால் சுவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பின்னால் வந்த மைல்கற்களிலும் தமிழ் எண்ணும் ரோமன் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் பொறிக்கப்பட்டவை இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன. ஊர்க்காரருக்கு ஒன்று, துரைக்கு ஒன்று.

இவை எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது குமிழிக்கல். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. ஆற்றுப் பாசனம் எட்டாத இடங்களில் வானம் பார்த்து வாழ்ந்தவர்கள் கட்டிய நீர்நிலைகள் அவை. கரைக்கு உள்ளே, தண்ணீருக்கு நடுவில், இரண்டு கல்தூண்கள் எழுந்து நிற்கும். குறுக்கே துளையிட்ட கற்கள். அடியில் கல்தொட்டி, அதன் மேல் நீர் இறங்கும் துளை, கீழே வண்டலும் சேறும் போகத் தனித் துளைகள். நடுவில் உள்ள கம்பைத் தூக்கினால் நீர் சுரங்கக் கால்வாய் வழியே கரைக்கு அடியில் புகுந்து வயலுக்குப் போகும். குமிழித்தூம்பு என்று இதற்குப் பெயர். இந்தத் தூணின் மார்பில் எழுத்து இருக்கும். இன்னார் இந்தக் குமிழியைச் செய்வித்தார், இன்னார் இதைத் தர்மமாக நிறுத்தினார் என்று இரண்டு மூன்று வரி. கோடையில் கண்மாய் வற்றினால்தான் கிட்டே போய்ப் படிக்க முடியும், மழைக்காலத்தில் எழுத்துத் தண்ணீருக்குள் இருக்கும். எந்தப் பயன்பாட்டுக்காகச் செய்தார்களோ அந்த இடத்திலேயே, அந்தப் பொருளின் மேலேயே செய்தவர் பெயரை எழுதிவைப்பதைவிட நேர்மையான நினைவுக்குறி உண்டா? வழிபாட்டுக்குரிய பொருளாக இல்லாததால் இதற்குப் பூசையும் இல்லை, காவலும் இல்லை.

வெளியே போன பொருள்களின் கதைக்கு வருவோம். 1898 இல் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அப்போது ஆலங்குடி வட்டம், இப்போது கறம்பக்குடிப் பக்கம். 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் தொடங்கி டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ வழியாக வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் முகங்கள். கடைசிக் காசு கி.பி. முதல் நூற்றாண்டின் எழுபதுகளைத் தாண்டவில்லை. ஒரு காசு ஏழு, எட்டுக் கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத தங்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணய அறிஞர் ஜி.எஃப். ஹில் இவற்றை ஆராய்ந்து லண்டன் நாணயவியல் இதழில் எழுதினார். அன்று தொட்டு உலக அறிஞர்கள் இந்திய-ரோம வாணிகத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் புதையல் வந்துவிடும். வருகிற பெயர் ‘புதுக்கோட்டைப் புதையல்’. தங்கத்தை ஈன்ற ஊரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

அந்தக் காசு ஒன்றின் படத்தைக் கூர்ந்து பார்த்தால் மனம் திடுக்கிடும். மாலை சூடிய பேரரசரின் முகத்தின் குறுக்கே ஆழமான ஒரு வெட்டு, உளியை வைத்து ஓங்கி அடித்த வெட்டு. ஒன்றிரண்டில் என்றால் தற்செயல் எனலாம். புதையலின் மிகப் பெரும்பான்மைக் காசுகளிலும் இந்த வெட்டு இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. தங்கம் உள்ளே வரை தங்கம்தானா என்று சோதித்தார்கள் என்பது ஒன்று. நாணயமாகப் புழங்காமல் வெறும் உலோகமாக எடை போட்டு வாங்கப்படுவதற்காக அந்த முகத்தைச் செல்லாததாக்கினார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. சோதிக்க இத்தனை ஆழம் வேண்டாம், முகத்தைக் குறிபார்த்து வெட்டவும் வேண்டாம். கி.பி. 64 வாக்கில் நீரோ பொற்காசின் எடையைக் குறைத்தான். ஒரு ராத்தல் தங்கத்தில் 40 காசு என்றிருந்தது 45 ஆனது. எடை பார்த்து வாங்கும் வணிகர்கள் கனமான பழைய காசையே விரும்பியிருப்பார்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தினாரே, அந்தப் பணத்தின் ஒரு கைப்பிடி இந்தச் செம்மண்ணில் புதைந்து கிடந்தது. பேரரசரின் முகத்துக்கு மதிப்பில்லை, தங்கத்துக்கு மட்டும் மதிப்பு என்று முடிவெடுத்த ஒரு கை இங்கே இருந்திருக்கிறது. அந்தக் கை யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற இடம் பொற்பனைக்கோட்டை. திருவரங்குளம் ஒன்றியம், வேப்பங்குடி ஊராட்சி. வட்டவடிவில் சுற்றிவரும் மண் மதில், அதன் வெளியே அகழி, மதிலின் உடம்பில் செங்கல்லும் செம்புறாங்கல்லும். உள்ளே ஏறத்தாழ 44 ஏக்கர் நிலம். தமிழ்நாட்டில் சங்ககாலக் கோட்டைகளைப் பற்றி நூல்கள் பேசுகின்றன, ஆனால் காலால் ஏறி நடக்கக்கூடிய மதில் மிச்சமுள்ள இடங்கள் மிக அரிது. இரும்பு உருக்கிய தடயங்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. செம்புறாங்கல் பூமியில் இரும்புத் தாது கைக்கெட்டும் ஆழத்தில் கிடைப்பதுதான் காரணம்.

2012 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு இங்கே ஒரு நடுகல்லைக் கண்டெடுத்தது. அதில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து. ஆநிரை கவர்ந்த பூசலில் களத்தில் பட்ட கணங்குமரன் என்பவனின் கல் என்று அது படிக்கப்பட்டுள்ளது. அதற்கு முன் 2006 இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்திருந்தன. அந்தச் சிறிய வரிசையில் புதுக்கோட்டைச் சீமையும் சேர்ந்தது. இறந்த ஒரு வீரனின் பெயரைக் கல்லில் எழுதி நட்டு, ஊரே படிக்கட்டும் என்று விட்ட பழக்கத்துக்கு இந்த மண்ணில் குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டு வயது. இன்று நாம் ‘வரலாற்றுக் குறிப்புப் பலகை’ என்று புதிதாகக் கேட்பது அதன் தொடர்ச்சியைத்தான்.

அகழாய்வு பிறகு வந்தது. 2021 இல் மத்திய தொல்லியல் துறையின் அனுமதியோடு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலில் தோண்டியது. 2023 மே 20 இல் மாநிலத் தொல்லியல் துறை தன் முதற்கட்ட ஆய்வைத் தொடங்கியது. 2024 ஜூன் 18 இல் கீழடி, வெம்பக்கோட்டை முதலிய இடங்களோடு சேர்த்து இரண்டாம் கட்டம் தொடங்கப்பட்டது. செங்கல் கட்டுமானம், கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள், கார்னீலியன் மணி, எலும்பு முனைக் கருவி, ஒரு சிறு தங்க மூக்குத்தி. மூக்குத்தியின் எடை கால் கிராமை ஒட்டியதுதான். செய்தித்தாள்கள் அதைத்தான் தலைப்பாக்கின, தவறில்லை, தங்கம் எல்லோர் கண்ணையும் இழுக்கும். என் அளவில் கார்னீலியன் மணி இன்னும் நிறையப் பேசுகிறது. அந்தச் சிவப்புக் கல்லின் பெயர்பெற்ற ஊற்று குஜராத் பக்கம். அது இங்கே வந்து சேர வணிகர் வழி வேண்டும், வாங்கப் பணமுள்ள ஆள் வேண்டும், இருவருக்கும் பாதுகாப்புத் தர ஒரு கோட்டை வேண்டும். கருக்காக்குறிச்சித் தங்கமும் பொற்பனைக்கோட்டை மதிலும் ஒரே வட்டாரத்தில், சில மணி நேர நடை தூரத்தில் இருப்பதைச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழி ஒன்று இந்தச் செம்மண் மேட்டைத் தொட்டுப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதை உறுதிசெய்ய இன்னும் பல குழிகள் தோண்ட வேண்டும்.

அகழாய்வுக் குழு வருவதற்கு முன் இந்தக் கோட்டையை யார் காத்தார்கள்? பொற்பனைக்கோட்டை முனீசுவரர். சுற்றுவட்டத்துக்கே பெயர்போன காவல் தெய்வம். கிடா வெட்டும் பொங்கலுமாகச் சனங்கள் வந்துகொண்டே இருக்கும் கோயில். கோட்டை அழிந்து, அரசன் பெயர் மறந்து, மதில் மேட்டில் புதர் மண்டிய பிறகும் ‘இங்கே காவல் இருக்கிறது’ என்ற நினைவு மட்டும் தெய்வமாக நின்றுவிட்டது. மதிலை ஒட்டி மண் எடுக்க வருகிறவன் சட்டத்துக்குப் பயப்படாவிட்டாலும் முனிக்குப் பயப்படுவான். 1966 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம் செய்யாததைச் சாமி செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பக்தியை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மரபுப் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் இங்கே ஒரு நாள் வந்து இருந்துவிட்டுப் போகலாம்.

திருவரங்குளம் அரித்தீர்த்தேசுவரர் கோயிலின் தலபுராணத்திலும் பொற்பனை வருகிறது. பொன்னாலான பழம் தந்த பனை. கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையில் இந்தப் பொன்னின் கதை ஓடுகிறது. அந்தக் கோயில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் நிறைந்தது. அங்கிருந்து போன ஆடவல்லான் திருமேனி இப்போது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில். முற்காலச் சோழர் வார்ப்பு. நாம் பழகிய நடராசரில் ஒரு பாதம் உயர்ந்து குறுக்கே வீசி நிற்கும், சுற்றிலும் சுடர்கள் எரியும். இவரோ இரு முழங்காலும் மடங்கி, உடல் சற்றே தாழ்ந்து, சதுர நடனத்தில் நிற்கிறார். வேகம் முழுவதும் உள்ளே அடங்கியிருக்கிறது, அடுத்த நொடி பாதம் எழும் என்று தோன்றும். ஆனந்த தாண்டவம் நிலைபெற்று ஊர் ஊராகப் பரவிய காலத்துக்கு முந்தைய ஒரு மனத்தின் வார்ப்பு. சிவராமமூர்த்தி போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் சதுர நடனச் செப்புத் திருமேனிகளில் இது முதன்மையானது. டெல்லியில் அதன் முன் நிற்பவர் ‘திருவரங்குளம்’ என்று படிப்பார். எங்கே இருக்கிறது அந்த ஊர் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. திருவரங்குளத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, தன் ஊர் ஆடவல்லானை உலகம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டாமா? திருமேனியைத் திருப்பிக் கேட்பது நெடிய வழக்கு. ஓர் அளவொத்த நல்ல படமும் நான்கு வரியும் கோயில் மண்டபத்தில் வைக்க வழக்கு வேண்டியதில்லை.

பதிவு செய்வதில் சமஸ்தானம் பின்தங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1910 இல் புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சென்னைக்கு வெளியே இத்தனை பழமையான அருங்காட்சியகம் தமிழ்நாட்டில் அபூர்வம். எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916 இல் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதினார். 1929 இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூல பாடம் ஒரே நூலாக வந்தது, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். கே.ஆர். வேங்கடராம ஐயர் பதிப்பித்த விவரக் கையேடு ஊர் ஊராகப் போய் வரலாறு சொன்னது. இந்த அடித்தளம் இருந்ததால்தான் நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987 இல் புதுக்கோட்டையை வைத்து அரசாட்சி, சாதி, காலனியம் பற்றி ஒரு பெருநூலே எழுத முடிந்தது. பிரிட்டிஷ் ஜில்லாக்கள் பலவற்றுக்கு இந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. ஓர் ஊரின் மேல் அக்கறை கொள்ள ஓர் அரசு இருந்தது, சிறியதானாலும். ஆனால் அந்த எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். கல்லில் தமிழில் இருந்தது, புத்தகத்தில் ஆங்கிலமாகி, நூலகத்தில் உறங்குகிறது. குமிழிக்கல்லை நட்டவன் தன் ஊராருக்காக எழுதினான். அதைப் படித்துச் சொன்ன அறிஞர்கள் மற்ற அறிஞர்களுக்காக எழுதினார்கள்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பயன்படும். லண்டனில் 1863 இல் வில்லியம் யூவர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் பலகை வைக்கலாம் என்றார். 1867 இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகை. இன்றும் தொடர்கிறது. அது பெரிய மனிதர்களின் கதை. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். 1936 இல் தன் நூற்றாண்டு விழாவுக்காகக் கருங்கல் குறிகளை ஊர் ஊராக நட்டது. இன்று அங்கே பதினாறாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் ஊர் வரலாற்றுக் குழுக்களே ஆதாரம் திரட்டி விண்ணப்பிக்கின்றன, மாநில ஆணையம் சரிபார்த்து எழுத்தை முடிவு செய்கிறது. பாலைவனத்தின் நடுவே மெக்சிகோ எல்லையில் உள்ள எல் பாசோ நகரத்தின் பக்கத்தில்தான் இரு நாடுகளின் நில எல்லைத் தூண்களில் ஒன்றாம் எண் தூண் நிற்கிறது, அங்கிருந்து பசிபிக் கடல் வரை வரிசை. அந்த நகரத்தில் ரியோ கிராண்டே ஆறு தடம் மாறியதால் எழுந்த சமிசால் நிலத் தகராறு நூறாண்டு நீண்டு 1963 இல்தான் உடன்படிக்கையில் முடிந்தது. அந்தத் தகராறு நிலமே இப்போது நினைவுப் பூங்கா. எல்லை எப்படி நகர்ந்தது, யார் வீட்டைக் காலி செய்தார்கள் என்பதையும் அந்த நகரம் தன் வரலாறாக ஏற்றுக்கொண்டது. உப்புக் காய்ச்சியவர்களின் தொழில் போன கதையை நாம் அப்படி ஏற்றுக்கொண்டோமா என்பதுதான் என் மனத்தில் வரும் கேள்வி.

ஆவணத்துக்கும் பலகைக்கும் சிக்காத மரபும் ஒன்று உண்டு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். கோயில் முன் நிற்கும் வெள்ளைக் குதிரை ஏறத்தாழ 33 அடி உயரம். ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்று இந்தப் பக்கத்தார் பெருமையாகச் சொல்வார்கள். மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகள் குவியும். குதிரையின் கழுத்தளவுக்கே நீளமாகக் கட்டிய மாலைகளை வண்டியில் ஏற்றிவந்து, மேலே நிற்பவர்கள் கயிறு போட்டு இழுத்துச் சாத்துவார்கள். ஆயிரக்கணக்கில் விழும் மாலைகளில் குதிரையின் உடம்பே மறைந்துவிடும். வேளார் கை செய்யும் சுட்டமண் குதிரைகள் மாவட்டமெங்கும் அய்யனார் காட்டில் வரிசையாக நிற்கின்றன. பழையது உடைந்தால் அங்கேயே கிடக்கும், புதியது பக்கத்தில் நிற்கும். இதற்குப் பாதுகாப்பு வேண்டியதில்லை. வேளாருக்குக் களிமண் எடுக்கக் கண்மாய் வேண்டும், குதிரைக்கு ஒரு நியாயமான விலை வேண்டும்.

இந்த நூற்றாண்டின் நினைவும் சேர வேண்டும். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மறுநாளே இந்த வட்டாரத்து நெடுவாசலில் போராட்டம் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று ஊர் ஊராகப் பரவியது. முன்பே துரப்பணக் கிணறு போட்ட ஊர்களில் கருக்காக்குறிச்சியும் ஒன்று. ரோமானியப் பொன்னை மண்ணிலிருந்து எடுத்த அதே ஊர், நூற்றிருபது ஆண்டுக்குப் பின் மண்ணுக்கடியில் இருப்பதை எடுக்க வேண்டாம் என்று சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. 2020 இல் மாநில அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம் ஒன்றியமும் கறம்பக்குடி ஒன்றியமும் இடம்பெற்றன. நெடுவாசலில் சனங்கள் உட்கார்ந்திருந்த இடமும் ஒரு வரலாற்றிடம். கல்வெட்டுக் காலத்தில் இருந்திருந்தால் ஊரார் அதைக் கல்லில் வெட்டியிருப்பார்கள்.

அழிவு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. கும்பாபிஷேகத்துக்காகக் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் அடிக்கிறார்கள். மணல் வீச்சு அடித்துச் சுவரைப் பளிச்சென்று ஆக்கினால் எண்ணூறு ஆண்டு எழுத்து அரை மணி நேரத்தில் மழுங்கிவிடுகிறது. தரையில் டைல்ஸ் பதிக்கும்போது அதிட்டானத்தின் கீழ்வரிசை எழுத்துப் புதைந்துபோகிறது. தைலமரம் நட ஆழ உழும்போது ஈமக் குழிகளின் கல்வட்டம் கலைகிறது. கண்மாயைத் தூர்வார ஜேசிபி இறங்கும்போது, நடுவில் சாய்ந்து நிற்கும் குமிழிக்கல் ஓட்டுநருக்கு வெறும் இடைஞ்சல். கரையோரம் ஒதுக்கித் தள்ளுகிறார், அடுத்த மழையில் அது மண்ணுக்குள். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததற்கு அவரைக் குறை கூற முடியாது.

ஆகவே முதலில் வேண்டியது கண்மாய்களுக்கான குறி. கோடை தொடங்கும்போதே, தூர்வாரும் பணி உத்தரவு எழுதும் முன், எந்தக் கண்மாயில் எழுத்துள்ள தூண் இருக்கிறது என்ற பட்டியல் ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். சமஸ்தானத்தின் 1929 நூலிலிருந்தே அந்தப் பட்டியலின் முதல் வரைவை எடுத்துவிடலாம். அதற்குப் பின் கிடைத்தவற்றைப் புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகத்தைப் போன்ற உள்ளூர் ஆர்வலர் அமைப்புகள் தரும். ஊர்ப் பள்ளி ஆசிரியரும் நீர்ப்பாய்ச்சுபவரும் சேர்ந்து ஒரு கோடைக்குள் சரிபார்த்துவிடக்கூடிய வேலை இது.

பிறகு பலகை. எழுத்து முதலில் தமிழில், படிக்கக்கூடிய அளவில். வெறுமனே ‘பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை’ என்று மிரட்டும் பலகை வேண்டாம். இந்த இடத்தில் என்ன கிடைத்தது, எந்த ஆண்டு, இப்போது அது எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க வழி என்ன என்று சொல்லும் பலகை வேண்டும். கருக்காக்குறிச்சியில் 501 என்ற எண்ணும், 1898 என்ற ஆண்டும், வெட்டு விழுந்த முகமுள்ள ஒரு காசின் பெரிய படமும் போதும். பொற்பனைக்கோட்டையில் மதிலின் சுற்றுவட்டத்தைக் காட்டும் வரைபடமும், கணங்குமரன் கல்லின் படமும், முனீசுவரர் கோயிலுக்கு ஒரு வரியும். திருவரங்குளத்தில் சதுர நடனம். ஆலங்குடிக்குக் கிழக்கே பழைய சமஸ்தான எல்லை சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு கல்: இந்தப் பக்கம் தொண்டைமான் சீமை, அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, உப்பு இங்கே நிறுத்தப்பட்டது 1887 இல். கிராம சபைத் தீர்மானத்தோடு வைத்தால் ஊர் அதைத் தன்னுடையதாக எண்ணும். வெளியூர்க் குத்தகைதாரர் வந்து நட்டுவிட்டுப் போகும் பலகையில் அடுத்த மாதம் கல்யாண போஸ்டர் ஒட்டியிருக்கும்.

கல்லில் எதை எழுதுவது என்று கிராம சபையில் தகராறு வரும், வரட்டும். யார் பாட்டன் குமிழியை வைத்தான், எந்தத் தெருவில் புதையல் கிடைத்தது, முதல் மரியாதை யாருக்கு என்றெல்லாம் பேச்சு எழும். இந்தச் சீமையின் கல்வெட்டுகளில் கணிசமானவை அப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்த்துக்கொண்ட பதிவுகள்தாம்: பாடிகாவல் யாருக்கு, மடையில் முதல் தண்ணீர் யாருக்கு, கோயில் நிலத்தில் யார் உழுவது. சபை கூடிப் பேசி, சாட்சி வைத்து, முடிவைச் சுவரில் வெட்டினார்கள். வருகிற கிராம சபைக்கான பொருள் நிரலில் ஊர்க் கண்மாயின் குமிழிக்கல்லை ஓர் எண்ணாகச் சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தலைவரிடம் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம்.